கொறங்காட்டை வழிக்க வேண்டாம், அடைத்து வையுங்கள்

கேள்வி: ஐயா, மூலனூர் பக்கம் எங்களுக்கு 5 ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் காடு, இருக்கிறது. அப்பா இருந்தவரை நாலு காங்கேயம் மாடும் கொஞ்சம் மேச்சேரி ஆடும் அதில்தான் மேய்ந்தன. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. நான் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறேன். காட்டை யார் யாரோ மேய்த்துக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் சீமைக் கருவேலம் ஏறிவிட்டது. ஊருக்கே திரும்பி ஆறு மாடு, முப்பது ஆடு வைக்கலாம் என்று இருக்கிறேன். போன வருடம் ஆடியில் பக்கத்துக் காட்டில் கொழுக்கட்டைப் புல் விதையை உருவி வந்தேன். புரட்டாசியில் அதை விதைத்து, டிராக்டரில் ஒரு சால் ஓட்டினேன். ஒன்றுமே முளைக்கவில்லை. ஜேசிபி வைத்து எல்லாவற்றையும் வழித்துவிட்டு, போர் போட்டு நேப்பியர் தீவனப் புல் நடு என்கிறார்கள். போதாக்குறைக்கு இந்தக் கொழுக்கட்டைப் புல் வெளிநாட்டில் கொடிய களை என்று யூடியூபில் பார்த்தேன். நான் என்ன செய்யட்டும்? நாட்டுக் குதிரை ஒன்றும் வாங்கியிருக்கிறேன். அதற்கு இந்தப் புல் ஆகுமா?

பதில்:

தம்பி, ஜேசிபிக்காரரிடம் நாள் சொல்லியிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம். சரளைக் காட்டில் விரல்கடை அளவுதான் மேல்மண் இருக்கும். அதை ஒரு தடவை வழித்துவிட்டால் பத்து இருபது வருடத்தில் திரும்பி வராது.

நான் கால்நடை மருத்துவராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி தாராபுரம், வெள்ளகோவில் பக்கம்தான். மாட்டுக்கு ஊசி போடப் போன இடங்களில் காட்டைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் புல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி. உங்கள் கடிதத்தில் 'ஒன்றுமே முளைக்கவில்லை' என்று இருக்கிறதே, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் விதை கெட்டுப்போகவில்லை, உறக்கத்தில் இருந்தது. கொழுக்கட்டைப் புல்லின் புது விதை லேசில் முளைக்காது. உருவி எடுத்த நாளிலிருந்து குறைந்தது 6 மாதமாவது காய்ந்து கிடக்க வேண்டும். 8 மாதத்திலிருந்து 12 மாதம் ஆனால் இன்னும் நன்றாக முளைக்கும். நீங்கள் ஆடியில் எடுத்ததைப் புரட்டாசியில் போட்டிருக்கிறீர்கள், இரண்டே மாதம். நம் ஊர் மழையை நினைத்துப் பாருங்கள், இதன் காரணம் புரியும். வைகாசியில் கோடை மழை ஒன்று பெய்ததும் புல் தளிர்த்து, கதிர் விட்டு, ஆனி ஆடியில் விதை உதிர்க்கிறது. அந்த விதை ஆடித் தூறலை நம்பி முளைத்தால், அடுத்த பதினைந்து நாள் அடிக்கிற காற்றிலேயே கருகிவிடும். காத்திருக்கத் தெரிந்த விதைகள்தான் இந்த மண்ணில் பிழைத்து வந்திருக்கின்றன.

இன்னொரு தவறு, அந்த ஒரு சால் உழவு. இது மிகச் சின்ன விதை. நாம் விதை என்று கையில் எடுப்பது மெல்லிய மயிர் சூழ்ந்த பஞ்சு போன்ற ஒரு பூங்கொத்து. ஒரு கிலோ நிறுத்தால் மூன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கும். உள்ளே இருக்கும் மணி எள்ளைவிடச் சிறியது. அரை அங்குல ஆழத்துக்குக் கீழே போனால் அதற்கு மேலே வரச் சக்தி கிடையாது. டிராக்டர் கலப்பை நாலு அங்குலம் புரட்டிவிடும். ஆழத்தில் போனதை மறந்துவிடுங்கள். ஆனால் மேலாகக் கிடப்பதில், எறும்பு இழுத்துப் போனது போக மிச்சம் இன்னும் உயிரோடு இருக்கலாம். அதற்கு இப்போது ஒரு வயது நிரம்பிவிட்டது. இந்தப் புரட்டாசி, ஐப்பசி மழைக்கு அது முளைக்க வாய்ப்பு இருக்கிறது. அந்த இடத்தில் இந்த வருடம் கலப்பையே இறக்காதீர்கள்.

இதே தவறை நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரின் காட்டில் புது விதையைத் தூவச் சொன்னேன். முளைக்கவில்லை. 'இது சரிப்படாதுங்க, சோளம் போட்டுக்கொள்ளுங்கள்' என்று நானே சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் சோளத்துக்கு நடுவே கொழுக்கட்டைப் புல் தூர் கட்டி நின்றது. அவர் களைக்கொத்து போடாமல் சோளத்தட்டை மட்டும் அறுத்துக்கொண்டு, புல்லை அப்படியே விட்டுவிட்டார். அதற்கப்புறம் விதையின் வயதைக் கேட்காமல் யாருக்கும் யோசனை சொன்னதில்லை.

சரி, இனி என்ன செய்வது? இந்த வருடம் செய்ய வேண்டிய பெரிய வேலை, காட்டை அடைப்பதுதான். ஆறு வருடம் கேட்பாரற்று மேய்ந்த காடு என்கிறீர்கள். அப்படிப்பட்ட காட்டில் முதலில் போவது கொழுக்கட்டைப் புல்தான். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அதுதான் முதல் தேர்வு, அதனால் தலை தூக்கும்போதெல்லாம் கடிபடுகிறது. மாடு தொடாத துடைப்பப் புல்லும் ஊசிப்புல்லும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் புல் அழிந்துபோன மாதிரி தெரியும். ஆனால் வேலி ஓரத்திலும், கள்ளிப் புதருக்குள்ளும், வெள்வேல மரத்தடியிலும் குனிந்து பாருங்கள். கைப்பிடி அளவுக்குக் கறுத்த கட்டைத் தூர்கள் கண்ணில் படும். காய்ந்த குச்சி என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் புல் தன் சேமிப்பைத் தண்டின் அடிக்கட்டையில் வைத்திருக்கிறது. அந்தக் கட்டை சற்றே பருத்து, பாதி மண்ணுக்குள் இருக்கும். வேர் நல்ல மண்ணில் 2 மீட்டர் ஆழம் வரைக்கும் இறங்கும். மூன்று மாதம் சொட்டு மழை இல்லாவிட்டாலும், ஒரு நல்ல மழை பெய்த நாலைந்து நாளில் அந்தக் கட்டையிலிருந்து பச்சை கிளம்பிவிடும்.

அந்தப் பச்சையை ஆடு அப்போதே கடித்துவிட்டால், கட்டையில் இருந்த சேமிப்பு செலவானதுதான் மிச்சம், புதிதாக ஒன்றும் சேராது. இப்படி மூன்று நாலு மழைக்குத் தொடர்ந்து நடந்தால் தூர் செத்துவிடும். நான் பார்த்தவரை கொறங்காடுகள் வறட்சியால் போனதைவிட இந்த மாதிரி இளந்தளிர் மேய்ச்சலால் போனதுதான் அதிகம். ஆகவே ஆடி முடிவதற்குள் வேலியைச் சரி செய்து, கடவில் முள் படல் வைத்து அடைத்துவிடுங்கள். தை வரைக்கும் ஒரு ஆடுகூட உள்ளே போகக் கூடாது. ஊரில் நாலு பேர் சங்கடப்படுவார்கள். ஒரு வருடத்துக்குத்தான் என்று பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

புல் விதை உதிர்க்கும்வரை விட்டுவைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொழுக்கட்டைப் புல் பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை கட்டும். அதனால் விதையிலிருந்து வருவது தாய்த் தூரின் அச்சுதான். உங்கள் காட்டுச் சரளையிலும் வெயிலிலும் ஆறு வருடம் தாக்குப்பிடித்த தூர் ஒன்று இருந்தால், அதன் விதையிலிருந்து வருவதும் அதே குணத்தோடு வரும். கடையில் காசு கொடுத்தாலும் இதைவிடப் பொருத்தமான விதை கிடைக்காது. மார்கழி, தையில் கதிர் ஊதா நிறம் மாறி வைக்கோல் நிறத்துக்கு வரும். நரிவால் மாதிரி இருக்கும் அந்தக் கதிரை விரலிடையில் பிடித்து மேல்நோக்கி உருவினால் முற்றிய விதை மட்டும் கையோடு வரும். எல்லாக் கதிரும் ஒரே நாளில் முற்றாது, நாலு நாளுக்கு ஒரு தடவை போக வேண்டியிருக்கும். நிழலில் உலர்த்தித் துணிப் பையில் கட்டித் தொங்கவிடுங்கள். தையில் எடுத்தது அடுத்த புரட்டாசிக்குச் சரியாக எட்டு மாதம் ஆகியிருக்கும். விதைக்கும் முன் நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வைத்துப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் முப்பது, நாற்பது முளைத்தாலே அது நல்ல விதை.

விதைப்பது பெரிய வித்தை இல்லை. காற்றில் பறக்கிற விதை என்பதால் ஈர மணலும் பொடித்த சாணியும் சேர்த்துப் பிசறிக்கொள்ள வேண்டும். ஏக்கருக்கு இரண்டரையிலிருந்து 3 கிலோ போதும். மழைக்கு முன்னால் மண்ணை லேசாகக் கீறிவிட்டுத் தூவி, முள் கொப்பை ஒன்றை இழுத்துக்கொண்டு போனால் மூடுகிற அளவு மண் மூடும். எறும்புப் புற்று அதிகம் இருக்கும் இடமாக இருந்தால் சாணியோடும் களிமண்ணோடும் சேர்த்துச் சிறு உருண்டையாக உருட்டிப் போடுங்கள்.

உங்கள் காட்டில் வெற்றிடம் எங்கே இருக்கிறதோ அங்கே, இந்த வருடமே தூர் பிரித்து நடலாம். நல்ல தூர் ஒன்றைத் தோண்டினால் வேரோடு இருபது முப்பது பக்கத்தூர் பிரியும். வேளாண் பல்கலைக்கழகக் கணக்குப்படி 50 செ.மீ. வரிசையில் 30 செ.மீ. இடைவெளி விட்டு நட்டால் ஏக்கருக்கு 26,000 தூருக்கு மேல் வேண்டும். நீங்களும் வீட்டாரும் சேர்ந்து அவ்வளவும் நட்டு முடிக்க முடியாது. மீட்டருக்கு ஒன்றாக நடுங்கள், ஏக்கருக்கு 4,000 தூர்தான் வரும். மிச்ச இடத்தை அவை உதிர்க்கும் விதையே இரண்டு மூன்று வருடத்தில் மூடிவிடும். மழை பெய்து மண் நன்றாக நனைந்த மறுநாள் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள், தண்ணீர் தேங்குகிற பள்ளம். கொழுக்கட்டைப் புல் சரளை, செவ்வல், சுண்ணாம்புச் சத்துள்ள மண் எதிலும் வரும். 300 மில்லிமீட்டர் மழையிலும் தாக்குப்பிடிக்கும். உங்கள் பக்கம் அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பெய்கிறது. ஆனால் வேரில் தண்ணீர் நின்றால் சில நாளிலேயே அழுகிவிடும்.

தனிப் புல்லாக மட்டும் விடாமல், மூன்று வரிசைக்கு ஒரு வரிசை முயல் மசால் என்ற பயறு வகைத் தீவனச் செடியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இளம்புல்லில் புரதம் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். விதை உதிர்த்துக் காய்ந்து நிற்கும்போது பாதிக்கும் கீழே போய்விடும். அந்தக் குறையை முயல் மசாலும், தானாகவே வரும் நரிப்பயறும், மரத்திலிருந்து விழும் வெள்வேலங்காயும் ஈடுகட்டும். முயல் மசால் விதையின் தோல் கெட்டியானது. 80 டிகிரி சூட்டுத் தண்ணீரில் நாலு நிமிடம் போட்டு எடுத்து, ஒரு இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால்தான் முளைக்கும்.

வெள்வேல மரத்தை வெட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஜேசிபி வந்தால் அதுவும் போகும் என்பதால் சொல்கிறேன். அந்த மரங்களில் கை வைக்காதீர்கள். சல்லடை நிழல் அது, அடியில் புல் வரும். பங்குனி, சித்திரையில் புல் காய்ந்து கிடக்கும்போது காய் கொடுக்கும். மத்தியானத்தில் மாடு நிற்க இடம் கொடுக்கும். சுற்றிலும் முள்கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரம், அடியில் கொழுக்கட்டைப் புல் என்ற இந்த அமைப்பை காங்கேயம், தாராபுரம், கரூர் பக்கத்துக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழக்கத்தில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். காங்கேயம் மாட்டை வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரருக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதே அளவு பங்கு இந்தக் காட்டுக்கும் உண்டு என்பது என் அபிப்பிராயம். வேலியில் இடைவெளி விழுந்த இடங்களில், கிளுவை இலை உதிர்ந்து நிற்கும்போது கட்டை விரலைவிடப் பருமனான கொம்புகளை வெட்டி, மழைக்கு முன்னால் ஊன்றிவிடுங்கள்.

சீமைக் கருவேலத்தை மட்டும் விட்டுவைக்காதீர்கள். வெட்டினால் போதாது, தரைக்குச் சற்றுக் கீழே இருக்கும் அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும். மழைக்குப் பிறகு ஒரு அடி ஆழம் தோண்டி, கட்டையோடு எடுக்க வேண்டும். ஆள் வைத்து ஒவ்வொன்றாக எடுப்பது செலவுதான், ஆனால் சுற்றியிருக்கும் புல் பிழைக்கும். காய்க்கிற மரத்தை முதலில் எடுங்கள். ஆடு அந்தக் காயைத் தின்று போடுகிற புழுக்கையில்தான் அடுத்த கருவேலம் முளைக்கிறது.

நேப்பியரை நான் குறை சொல்லவில்லை. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நல்ல தண்ணீரும் உரமும் கொடுத்தால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன் வரை பச்சைப்புல் தரும். வாய்க்கால் பாசனத்தில் கறவை மாடு வைத்திருப்பவருக்கு அது வரம். உங்கள் காட்டில் அதற்கு வாராவாரம் தண்ணீர் காட்ட வேண்டும். போரில் தண்ணீர் வந்தாலும் எத்தனை கோடை தாங்கும் என்று பக்கத்தில் ஏற்கெனவே போர் போட்டவர்களைக் கேளுங்கள். கடன் வாங்கிப் போர் போட்டு, வற்றிப்போய், மாட்டை விற்றுக் கடன் கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் பாய்கிற இடத்தில் ஐந்து சென்ட் நேப்பியர் நட்டுக்கொள்ளுங்கள், கன்றுக்கும் சினை மாட்டுக்கும் உதவும்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். இங்கேதான் உங்களுக்கு வருத்தம் வரும். நன்றாகத் தேறிய சரளைக் காட்டில், சுமாரான மழையில், ஏக்கருக்கு 1,200 கிலோ உலர்புல் என்று வையுங்கள். 5 ஏக்கருக்கு 6 டன். இதில் பாதியை மேயலாம். மீதி பாதி காட்டுக்குச் சொந்தம்: தூரைக் காக்க, மண்ணை மூட, விதை உதிர்க்க. மேய்ச்சலுக்குக் கிடைப்பது 3 டன். 300 கிலோ எடையுள்ள மாடு ஒன்று நாளைக்கு ஏழரை கிலோ தின்னும். கணக்குப் போட்டால் ஒரு மாட்டுக்கு 400 நாள் வரும், மூன்று மாட்டுக்கு நாலு மாதம் சொச்சம். மேச்சேரி ஆடு என்றால் ஏழெட்டு ஆட்டை ஒரு மாடு என்று எண்ணலாம். ஆறு மாடும் முப்பது ஆடும் பத்து மாட்டுக்குச் சமம், நாற்பதே நாளில் காடு மொட்டை.

உங்கள் அப்பாவின் நாலு மாடு எப்படிப் பிழைத்தது என்று கேட்பீர்கள். அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். வருடம் முழுக்கக் காட்டில் மேய்ந்திருக்காது. மழைக்காலம் முடிந்து புல் முற்றியதும் உள்ளே விட்டிருப்பார்கள், மற்ற நாளில் சோளத்தட்டு போட்டிருப்பார்கள், ஆட்டை ஊர்ப் புறம்போக்குக்கும் அறுத்த காட்டுக்கும் ஓட்டியிருப்பார்கள். நீங்கள் இரண்டு மாட்டோடு தொடங்குங்கள். இந்த வருடப் புல் தையில் விதை உதிர்த்து, காய்ந்து நிற்கும். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேருக்குக் கூடுகிற மாட்டுச் சந்தையில் இரண்டு மாடு பிடித்து வந்து அந்த நின்ற புல்லில் விடலாம். அதற்குள் காட்டை மூன்று பாத்தியாக முள் வைத்துத் தடுத்துவிடுங்கள். ஒன்றில் மேயும்போது மற்ற இரண்டும் ஓய்வெடுக்க வேண்டும். புல் ஒரு சாண் உயரத்துக்குக் குறையும் முன்னால் அடுத்ததற்கு மாற்றுங்கள். வைகாசி மழைக்குத் துளிர்க்கும்போது எல்லாப் பாத்தியிலிருந்தும் மாட்டை வெளியே எடுத்துக் கட்டுத்தரையில் தட்டு போடுங்கள். உரம் என்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம், மேய்ந்து முடித்த பாத்தியில் ஆட்டுப் பட்டி போட்டாலே போதும்.

யூடியூபில் பார்த்தது பொய் இல்லை. ஆஸ்திரேலியாவுக்கு இந்தப் புல் 19ஆம் நூற்றாண்டில் ஒட்டகங்களின் சேணத் திணிப்போடு போய்ச் சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். அப்புறம் மேய்ச்சலுக்கென்று வேண்டியும் விதைத்தார்கள். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்திலும் இதே கதை. அங்கே செடிகளுக்கு நடுவே வெறும் மண் கிடப்பது வழக்கம், அதனால் தீ பரவாது. இந்தப் புல் அந்த இடைவெளியை நிரப்பிவிட்டதால் தீ ஓடுகிறது. தீயையே அறியாத சகுவாரோ கள்ளிகள் எரிந்து போகின்றன, புல் மட்டும் கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து மேற்காசியா வழியாக இந்தியா வரைக்கும் இது சொந்த மண்ணின் புல். மேய்கிற மாடும் ஆடும் இருக்கும்வரை நம் காட்டில் அது யாரையும் துரத்தாது. ஆனாலும் விதை மிச்சம் இருக்கிறது என்று மலையடிவாரக் காட்டில் கொண்டுபோய்த் தூவிவிடாதீர்கள். அங்கே வேறு புல் இருக்கிறது, அது இருக்கட்டும்.

குதிரைக்கு இதை மட்டுமே போடாதீர்கள். இந்தப் புல்லில் ஆக்சலேட் என்ற பொருள் இருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாதக்கணக்கில் இதையே தின்றால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து, முகத்தெலும்பு வீங்கி, நடை நொண்டும். அறுகம்புல்லும் கொள்ளுச் செடியும் முதன்மையாகக் கொடுத்து, இதைப் பத்தில் இரண்டு பங்கு கலந்துகொள்ளுங்கள். முகம் இரண்டு பக்கமும் தடித்தது மாதிரி தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். ஐப்பசியில் நல்ல மழை பெய்து இருபது நாள் ஆனதும், நாலு குச்சியும் கயிறும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் கட்டி, அதற்குள் எத்தனை கொழுக்கட்டைத் தூர் துளிர்த்திருக்கிறது என்று எண்ணுங்கள். காட்டின் இருபது இடங்களில், நல்ல இடம் கெட்ட இடம் பார்க்காமல், கால் போகிற போக்கில் நின்று எண்ண வேண்டும். சதுரத்துக்குச் சராசரி இரண்டு தூர் இருந்தால் நடவே வேண்டாம், அடைப்பு மட்டும் போதும். ஒன்றுக்கும் கீழே இருந்தால் எந்தப் பகுதியில் நடுவது என்று பார்ப்போம். அந்த இருபது எண்ணையும் அப்படியே எழுதி அனுப்புங்கள்.